வான்கோழிப் பருவமும் சீமோனும்

2009 ஏப்ரல் 25, சனி

இன்றைக்கு வான்கோழி வேட்டைப் பருவம் திறந்த முதல் நாள். அந்த நாளையே சீமோன் நாசமாக்கிவிட்டான்.

விடிவதற்கு முன்பே விட்பி நகரத்தைத் தாண்டி, வால்ரர் கிழவரின் பண்ணைக்குப் போய், காட்டோரத்து மேப்பிள் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். குளிர் எலும்புக்குள் இறங்கியது. கையிலிருந்த மரப்பெட்டியை உரசிப் பெட்டைக் கோழியின் குரலை எழுப்பினேன். பள்ளத்திலிருந்து சேவல் உடனே பதில் கொடுத்தது. மறுபடி உரசினேன். கிட்ட வந்து கத்தியது. பிறகு தலை தெரிந்தது, நீலமும் சிவப்புமாக. நாணில் விரல் வைத்துவிட்டேன். இழுப்பதுதான் பாக்கி.

சீமோனின் சட்டைப் பைக்குள் போன் அடித்தது.

வீட்டுக் காற்றுக்குழாய்க்கு டக்ற் கிளீனிங் செய்யவா என்று கேட்கிற யாரோ விற்பனைப் பெண்பிள்ளை. சேவல் போன திசையில் புல்கூட அசையவில்லை.

துவக்குக்காரன் என்றால் தூரத்தில் வைத்தே சுட்டிருப்பான். சில்லுப் பூட்டிய புதுமாதிரி வில்லுக்காரனும் எப்படியோ சமாளித்திருப்பான். எங்களுடையது வெறும் மரவில். குறிபார்க்கிற ஊசி இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணும் கையும்தான். பறவை வீட்டு முற்றத்துக்கு வருகிற மாதிரி வரவேண்டும், அது வேறு பக்கம் பார்க்கிற நேரத்தில் இழுக்கவேண்டும். மூன்று வருடமாக ஒரு சேவலும் எனக்கு அந்த நேரத்தைத் தரவில்லை. இன்றைக்கு ஒன்று தர வந்தது.

ஏசவும் முடியவில்லை. அவன் ஏன் போனை நிற்பாட்டுவதில்லை என்று எனக்குத் தெரியும். அவனுடைய தங்கச்சி அன்ரனெற் இரண்டு பெண்பிள்ளைகளோடு வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருக்கிறாள். புருசன் குலசிங்கமும் கூடத்தான். ஆனால் வீட்டை எதிர்த்து அவள் கட்டிக்கொண்டு போன சைவக்காரன் என்பதால் சீமோன் அவன் பேரைச் சொல்வதில்லை, 'அந்த ஆள்' என்பான். பெப்ரவரியில் புதுக்குடியிருப்பிலிருந்து ஒருதரம் பேசினாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஏசமுடியாத கோபம்தான் பொல்லாத கோபம். வீட்டுக்கு வந்து மனைவி ரம்ஸியாவில் காட்டினேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

ரம்ஸியா திருப்பிக் காட்டினாள். "வான்கோழி வேணுமெண்டால் கடையிலை ஹலாலாக் கிடக்கு. காருக்கு எண்ணெயும் மிச்சம், எனக்கு நித்திரையும் மிச்சம்."

பதில் இல்லாத கதைகளாகத் தேடிப்பிடித்துச் சொல்லுவாள்.

ஏப்ரல் 29, புதன்

வேலை முடிந்து டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிற வில் திடலுக்குப் போனேன். சீமோனும் வந்தான்.

ஆறு வருடத்துக்கு முன்பு இதே திடலில்தான் அவனைக் கண்டேன். புல்லுக்குள் தொலைந்த அம்பை யாழ்ப்பாணத் தமிழில் ஏசிக் கிழித்துக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்தில் அவன் குருநகர், நான் முஸ்லிம்கள் இருந்த சோனகதெரு. அங்கே சைக்கிளில் ஐந்து நிமிடத் தூரம், ஒருநாளும் சந்தித்ததில்லை. பிறம்ரனில் அவன் லொறி ஓட்டுகிறான், நான் கடை கடையாகப் பெரிய பிறிஜ்களைத் திருத்துகிறேன். அன்றிலிருந்து எது கிடைத்தாலும் ஆளுக்குப் பாதி. நான் சாப்பிடவேண்டும் என்பதற்காக அவனும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் அம்பு விடுவான். குருநகர் வேதக்காரன் வாயில் அந்தச் சொல் படுகிற பாட்டைக் கேட்கவேண்டும்.

இன்றைக்குக் குறிக்காக நிறுத்தியிருக்கிற ரப்பர் மானின் நெஞ்சில் ஒரு பிடி அம்பை ஒரே இடத்தில் இறக்கினான். பிறகு சொல்கிறான், "தோள் நோகுது மச்சான். சனிக்கிழமை நீயே சுடு, நான் சும்மா வாறன்."

எந்தத் தோள்? இப்போது இழுத்தது யாருடைய தோள்?

மே 2, சனி

இருமல். சேவல் வாலை விசிறியாக விரித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஆடுகிறது, இவன் இருமுகிறான். காரில் வரும்போது இருமல் இல்லை, திரும்பிப் போகும்போதும் இல்லை. சேவலைக் கண்டால் மட்டும் வருகிற இருமல்.

அவன் முதுகில் தொங்கின அம்புக்கூட்டைப் பார்த்தேன். வெறுங்கூடு. அம்புகளை வீட்டில் மறந்துவிட்டானாம். செருப்பை மறக்கலாம், மூக்குக் கண்ணாடியை மறக்கலாம். அம்பில்லாமல் எவன் வேட்டைக்கு வருவான்?

தனியே போகலாம் என்றால் வால்ரர் கிழவர் விடமாட்டார். முன்பு ஒருவன் அவர் காட்டில் மரத்திலிருந்து விழுந்து, கால் முறிந்து, அடுத்தநாள்வரை கிடந்தானாம். அன்றிலிருந்து சட்டம்: வந்தால் இரண்டு பேர், இல்லாவிட்டால் ஒருவரும் வேண்டாம். ஆக, சீமோன் இல்லாமல் எனக்குக் காடு இல்லை. சீமோன் இருந்தால் சேவல் இல்லை.

மே 5, செவ்வாய்

தோள் நோவு, இருமல், மறந்துபோன அம்பு. இவன் எதையோ மறைக்கிறான்.

மே 9, சனி

வீட்டுக்கு வந்ததும் வில்லை மூலையில் எறிந்தேன்.

இன்றைக்கு எல்லாம் சரியாக வந்தது. சேவல் மரத்துக்குப் பின்னால் போனது, நான் இழுத்தேன், நாண் கன்னத்தில் பட்டது, சேவல் வெளியே வந்தது. சீமோன் எழும்பி நின்றான். சும்மா எழும்பவில்லை; சோளக்கொல்லையில் குருவி கலைக்கிற மாதிரிக் கையைத் தட்டிக்கொண்டு எழும்பினான்.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினதும் கேட்டேன்.

"உனக்கென்ன விசரோ?"

"சுடாதை எண்டு சொல்ல ஏலாமல் கிடந்தது."

"ஏன் சுடக்கூடாது?"

"நேர்த்தி."

மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறானாம். அன்ரனெற்றின் குரலைக் காதால் கேட்கும்வரை ஓர் உயிரின் இரத்தமும் சிந்துவதில்லை என்று. அதனால்தான் தோள் நோவு. அதனால்தான் வெறுங்கூடு.

எனக்கு நெஞ்சு இளகித்தான் போனது. "நல்ல விசயம்தானே," என்றேன். "நீ சுடாதை. நான் சுடுறதுக்கு நீ ஏன் கை தட்டுறாய்?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "வைக்கேக்கை ரெண்டு பேரின்ரை பேரிலையும் வச்சிட்டன்."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! என்னைக் கேட்டானா? ஒரு வார்த்தை? நான் ஐந்து நேரம் தொழுகிறவன். அல்லாஹ்வைத் தவிர வேறு யாருக்கும் நேர்த்தி வைத்தால் என் மார்க்கத்தில் அது என்ன கணக்கு என்று இவனுக்குத் தெரியாதா? மடு மாதாவிடம் போய் பாஹிம் என்ற சோனகனும் இதில் சேர்த்தி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். கத்தினேன். நான் வைக்காத நேர்த்தி என்னைக் கட்டாது என்று கத்தினேன்.

அவன் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்துதானே போறம். நான் விட்டிட்டு நீ சுட்டால் அது விட்ட மாதிரியோ? பாதி இறைச்சி என்ரை வீட்டுக்குத்தானே வரும்."

நான் இன்னும் பெரிதாகக் கத்தினேன்.

பருவம் இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த வருடம்வரை இன்னொரு சேவல் எனக்காகக் காத்துக்கொண்டிருக்குமா?

மே 10, ஞாயிறு

அன்னையர் தினம். நகரத்தின் நடுவில் ஓர் உணவகத்தில் கேக் நிறைந்த குளிர் அறை நின்றுபோனது என்று கூப்பிட்டார்கள். திருத்திவிட்டுத் திரும்பினால் கார்டினர் பெருந்தெரு அசையவில்லை. வன்னிச் சண்டையை நிற்பாட்டச் சொல்லி எங்கள் சனம் மேலே ஏறி மறித்துக்கொண்டு இருக்கிறது என்று றேடியோ சொன்னது. பிள்ளைத் தள்ளுவண்டிகளோடு அம்மாமார் நடுவீதியில் இருக்கிறார்களாம்.

வேலை வான் வண்டிக்குள் இருந்தேன். பசி. மூத்திரம் வேறு முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் சீமோன் போன் எடுத்தான், நேற்றையச் சண்டையே நடக்காத மாதிரி.

"நான் மேலை நிக்கிறன். நீயும் வாவன்."

"நான் உனக்குப் பின்னாலைதான் மாட்டுப்பட்டு நிக்கிறன். எப்ப விடுவியள்?"

"அங்கை சனத்துக்கு மேலை ஆமியின்ரை செல் விழுது, நீ வீட்டை போறதைப் பற்றிக் கதைக்கிறாய்."

சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்தது. "தொண்ணூறிலை எங்களைத் துரத்தேக்கை எந்த றோட்டை மறிச்சனீங்கள்?"

அந்தப் பக்கம் கோஷமும் ஒரு குழந்தை அழுகிற சத்தமும் கேட்டன. பிறகு போன் நின்றது.

நான் சொன்னது பொய்யா? பொய் இல்லை. இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை எல்லாம் வெளியேற்றினபோது உம்மா ஒரு பையோடு நடந்ததை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் சீமோனுக்கும் அப்போது என் வயதுதான், பள்ளிக்கூடப் பெடியன். அவன் எந்த றோட்டை மறிப்பான்? உண்மையைச் சொன்னவன் ஏன் திரும்பத் திரும்பப் போனை எடுத்துப் பார்க்கிறான்?

மே 12, செவ்வாய்

அவன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இரண்டு கழுதைகள்.

மே 14, வியாழன்

ரம்ஸியாவிடம் புலம்பினேன்: கிழவர் தனியே விடமாட்டார், சீமோனோ கதைக்கமாட்டான், பருவம் போகிறது. அவள் மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேர் எண்டுதானே கிழவர் சொன்னவர்? ரெண்டாவது ஆள் அம்பு விடவேணும் எண்டு சொன்னவரோ?"

"இல்லை."

"அப்ப நான் ஒரு ஆள்தானே. காருக்குள்ளை இருக்கிறன். ஆனா ஹீற்றரைப் போட்டுவிடவேணும்."

இத்தனை வருடமாக வேட்டையைத் திட்டித் தீர்த்தவள் இவள்தான். இந்தப் பெண்ணைப் படைத்தவனுக்கே வெளிச்சம்.

மே 16, சனி

சுட்டுவிட்டேன்.

ரம்ஸியா காருக்குள் போர்வையோடும் பிளாஸ்க்கோடும் இருந்தாள். நான் அதே மேப்பிள் மரத்துக்குப் போனேன். இருமல் இல்லை, போன் இல்லை, கைதட்டல் இல்லை. இவ்வளவு அமைதியான காட்டை நான் ஆறு வருடத்தில் கண்டதில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. வெயில் ஏறின பிறகு சேவல் சத்தம் போடாமல் வந்தது. கிழட்டுச் சேவல், நெஞ்சில் தொங்குகிற மயிர் புல்லைத் தொட்டது. தலையைத் திருப்பியது. இழுத்தேன்.

இழுத்துப் பிடித்திருந்தபோது அன்ரனெற் நினைவுக்கு வந்தாள். அவளை நான் பார்த்ததே இல்லை. சீமோன் பணப்பைக்குள் வைத்திருக்கிற படத்தில் பள்ளிக்கூடச் சட்டையோடு நிற்கிறாள், அவ்வளவுதான். நான் வைக்காத நேர்த்தி என்னைக் கட்டாது என்று எனக்கு நானே சொன்னேன். வான்கோழிக்கும் வன்னிக்கும் என்ன சம்பந்தம்? இதை நம்பினால் நான் என்ன முஸ்லிம்? அந்தக் கோபத்தோடேயே விரலை விட்டேன்.

அம்பு நல்ல இடத்தில் போனது. சேவல் கொஞ்சத் தூரம் ஓடி சீடர் மரங்களுக்குள் விழுந்தது. உயிர் இருந்தால் அறுக்கவேண்டும் என்று கத்தியோடு ஓடினேன். தேவைப்படவில்லை. இறகு வெயிலில் செம்பு நிறமாக மினுங்கியது. மூன்று வருடம் காத்திருந்த பறவை. பக்கத்தில் இருந்து "அப்பிடிப் போடு!" என்று முதுகில் அடிக்க ஆள் இல்லை.

காருக்குத் தூக்கிவந்தேன். ரம்ஸியா கண்ணாடியை இறக்கினாள். "சுட்டாச்சோ? அப்ப வாங்கோ, போவம். பிஸ்மில்லாஹ் சொன்னனீங்கள்தானே?"

சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

மே 17, ஞாயிறு

துப்புரவாக்கி, கட்டி, கீழ் அறை பிறீசரில் போட்டேன். மறந்துபோனால் பரவாயில்லை, சாப்பிடலாம் என்றுதான் எங்கள் மத்ஹபுச் சட்டத்தில் இருக்கிறது. மௌலவியிடமும் கேட்டேன், அதையே சொன்னார். ஆனாலும் எனக்குச் சாப்பிட மனம் வரவில்லை, சந்தேகமானதை விட்டு விலகுகிற பேணுதலுக்காக என்று ரம்ஸியாவிடம் சொன்னேன்.

"உங்களுக்கு இருக்கிறது பிஸ்மில்லாஹ் பிரச்சினை இல்லை," என்றாள். "சீமோன் பிரச்சினை."

மே 18, திங்கள்

சண்டை முடிந்துவிட்டதாம். காலையிலிருந்து எல்லாத் தொலைக்காட்சியிலும் அதுதான்.

புத்தளத்திலிருந்து மாமா எடுத்தார். "இனி ஊருக்குப் போகலாம் மகன்." எந்த ஊருக்கு? கூரையில்லாத வீட்டுக்குள் மரம் முளைத்துவிட்டது என்று படம் அனுப்பினவரும் அவர்தான். எனக்குச் சந்தோசம் வரவில்லை. துக்கமும் ஒழுங்காக வரவில்லை. பத்தொன்பது வருடமாக இந்த நாள் வந்தால் எனக்கு என்ன தோன்றும் என்று யோசித்து வைத்திருந்தேன். அதில் ஒன்றும் தோன்றவில்லை.

சீமோனுக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். டேய், எடன். ஒருக்கா எடன்ரா.

இன்றைக்கு விக்டோரியா நாள் விடுமுறை வேறு. இருட்டினதும் பக்கத்துப் பூங்காவில் வாணம் விட ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் யன்னல் அதிர்ந்தது. ராணியின் பிறந்தநாளை வைக்கிறதுக்கு வேறை நாள் கிடைக்கேல்லையே இவங்களுக்கு? சீமோன் தன் பன்னிரண்டாம் மாடியில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டுதானே இருப்பான்.

மே 23, சனி

வேட்டைக்குப் போகவில்லை. ரம்ஸியா அவித்த பிட்டையும் சம்பலையும் கட்டிக்கொண்டு சீமோனின் அப்பார்ட்மென்ருக்குப் போனேன். தாடி வளர்ந்திருந்தது. உள்ளே கணினியில் ஏதோ முகாமின் படம், முள்ளுக்கம்பிக்குப் பின்னால் சனம். ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பள்ளிக்கூடச் சட்டை போட்ட முகத்தைத் தேடுகிறேன் என்று பிறகுதான் உறைத்தது. அவளுக்கு இப்போது முப்பத்துமூன்று வயது.

பிட்டைச் சாப்பிட்டான். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "அண்டைக்கு அந்த றோட்டுக் கதை..."

"நீ கேட்டது சரிதானே. நாங்கள் ஒருதரும் மறிக்கேல்லை."

"சரி எண்டாலும் உன்னட்டைக் கேட்டிருக்கக் கூடாது."

"விடு." கோப்பையைக் கழுவப் போனவன் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, திரும்பாமல் சொன்னான். "அவ்வளவு கோவத்திலையும் நீ காட்டுக்குப் போகேல்லையே. கிழவர் தனிய விடமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். அது பெரிய உதவி பாஹிம்."

வாயைத் திறந்தேன். மூடினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மே 31, ஞாயிறு

பருவம் முடிந்தது. சீமோன் எடுத்து, "ரெண்டு பேருமாய் நேர்த்தியைக் காப்பாத்திப் போட்டம்," என்றான். எனக்குக் கோபம் வருகிறது. யாரில் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

சீமோன் போனில் கத்தினான்: அன்ரனெற் பேசிவிட்டாள்!

செட்டிகுளம் முகாமுக்கு வந்த ஒரு கன்னியாஸ்திரியின் போனிலிருந்து. "அண்ணா" என்றாளாம், பிறகு இரண்டு பேரும் அழுததில் பாதி நேரம் போய்விட்டதாம். பெண்பிள்ளைகள் இரண்டும் அவளோடுதான். சின்னவளுக்குக் காலில் காயம், ஆறுகிறது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றேன். என் கண்ணும் நிறைந்துவிட்டது. பிறகு கேட்டேன், "குலசிங்கம்?"

"இல்லை."

"எப்ப?"

"கடைசி நேரத்திலையாம். தண்ணி எடுக்கப் போன இடத்திலை. பதினைஞ்சோ பதினாறோ பதினேழோ. என்ன நாள் எண்டு அவளுக்குத் தெரியேல்லை. அங்கை ஆருக்கும் நாள் தெரியாதாம்."

போனை வைத்துவிட்டுக் கீழ் அறைக்குப் போனேன். பிறீசர் உறுமிக்கொண்டிருந்தது.

ஜூன் 10, புதன்

நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். நான் விரலை விட்டபோது அங்கே சனி பின்னேரம். இப்படிக் கணக்குப் பார்க்கிறவனுக்குப் பேர் என்ன? ஆயுள் எப்போது முடியும் என்பது பிறக்க முதலே எழுதப்பட்டது, ஒரு நிமிடம் முந்தாது, ஒரு நிமிடம் பிந்தாது. சின்ன வயதில் ஓதிப் படித்தது. மகள் றீமாவுக்கும் நானே சொல்லிக்கொடுத்தது. அப்படியிருக்க, ஸ்காபரோவில் பிறிஜ் திருத்துகிறவன் அம்பு விட்டதால் வன்னியில் ஒருவன் செத்தான் என்று நினைக்க எனக்கு வெட்கமாக இல்லையா? வெட்கமாகத்தான் இருக்கிறது. நினைப்பு நிற்கவில்லை.

இன்றைக்கு ஒரு கடையில் வயரை மாற்றிப் பூட்டி, குளிர் அறையைச் சூடு அறையாக்கிவிட்டேன். கடைக்காரர் தமிழர், நல்ல மனிதர், ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 11, வியாழன்

ரம்ஸியா: "போய்ச் சொல்லுங்கோ. அவருக்காக இல்லை, எனக்காக. வீட்டுக்குள்ளை ஒரு ஆள் முனகிக்கொண்டு திரியிறதை இதுக்கு மேலை தாங்க ஏலாது."

ஜூன் 13, சனி

சொன்னேன்.

வில் திடலில்தான். சீமோன் தாடியை எடுத்துவிட்டு, வில்லோடு வந்திருந்தான். நேர்த்தி முடிந்ததல்லவா. ரப்பர் மானில் ஆளுக்கு ஒரு பிடி அம்பு விட்டோம். என்னுடையவை எல்லாம் பின்காலுக்குப் போயின. அம்பு பிடுங்கப் போன இடத்தில் சொன்னேன்.

"பதினாறாந் தேதி நான் காட்டுக்குப் போனனான். ரம்ஸியாவைக் கூட்டிக்கொண்டு. சேவலைச் சுட்டிட்டன்."

அவன் ஓர் அம்பைப் பிடுங்கி, முனையைத் துடைத்தான்.

"பிறீசருக்குள்ளை கிடக்கு. ஒரு துண்டும் தொடேல்லை. நீ உதவி எண்டு சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். குலசிங்கம்... அந்த நாள் எது எண்டு தெரியாதெண்டு சொன்னாய்தானே. அதிலையிருந்து எனக்கு..."

"நேர்த்தி வச்சது ஆர்?" என்று கேட்டான்.

"நீ."

"நான் வச்ச நேர்த்தியை முறிக்க நீ ஆர்?"

முகத்தில் அப்படி ஒரு எரிச்சல். இவ்வளவு நாளும் நான்தான் எரிச்சல்படப் பிறந்தவன் என்று நினைத்திருந்தேன். "நான் வைக்காத நேர்த்தி என்னைக் கட்டாது எண்டு காருக்குள்ளை தொண்டை கிழியக் கத்தினவன் நீதானே? இப்ப மட்டும் கட்டுதோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வரப்போகிறது என்று பார்த்தேன். வரவில்லை. ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தான்.

"பாஹிம், நான் அவனைச் சேர்க்கேல்லை."

"ஆரை?"

"குலசிங்கத்தை. முழந்தாளிலை நிண்டு அன்ரனெற்றின்ரை பேரைச் சொன்னன், பெட்டையள் ரெண்டின்ரை பேரையும் சொன்னன். அவன்ரை பேர் வாயிலை வந்தது. வேணுமெண்டு விட்டனான். உன்னைக் கேக்காமல் உன்னைச் சேர்த்தன். அவனைச் சேர்க்கேல்லை."

வில்லைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காற்சட்டை நனைந்துபோனது.

"அது அப்பிடி வேலை செய்யாது சீமோன்," என்றேன்.

"உனக்கெப்பிடித் தெரியும்? நீ நம்பாதவன்."

"நம்பாதவன் எண்டபடியாத்தான் சொல்லுறன். நீ சேர்த்திருந்தாலும் அவர் தண்ணிக்குப் போயிருப்பார். பிள்ளையளுக்குத் தண்ணி வேணும்."

முகத்தைத் தோளில் துடைத்தான். தூரத்தில் வேறு யாரோ அம்பு விட வந்து, நாங்கள் எழும்புவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். எழும்பினோம். அம்புகளைப் பொறுக்கினோம்.

ஜூன் 20, சனி

வான்கோழியைக் கறி வைத்தோம். ரம்ஸியா இரண்டு மடங்கு மிளகாய்த்தூள் போட்டும் இறைச்சி விறகு மாதிரித்தான் இருந்தது. கிழட்டுச் சேவல். மூன்று வருடம் இதற்காகவா குளிரில் கிடந்தேன்? றீமா ஒரு துண்டோடு எழும்பிவிட்டாள், "சொறி டாட், திஸ் இஸ் லைக் ரயர்." கார் ரயரைச் சப்புகிற மாதிரியாம். சீமோன் மூன்றுதரம் போட்டுச் சாப்பிட்டான்.

கை கழுவும்போது ரம்ஸியாவிடம் சொன்னான், குலசிங்கம் நல்லாய்ச் சமைப்பாராம், அன்ரனெற்றுக்குச் சோறு வடிக்கவும் தெரியாதாம், வீட்டில் எல்லாம் அவர்தானாம். பேரைச் சொல்லித்தான் சொன்னான்.

ஆகஸ்ட் 15, சனி

இன்றைக்கு மடு மாதா திருநாளாம்; நேர்த்தி தீர்க்க மிட்லண்ட் கோயிலுக்குப் போகவேண்டும் என்றான் சீமோன். அவன் கார் கராஜில். நான் ஓட்டிக்கொண்டு போனேன், உள்ளே வரமாட்டேன் என்ற ஒப்பந்தத்தோடு. வழிமுழுக்க வாகன நெரிசல், ஏரிக்கரைக் கொட்டேஜுக்கு ஓய்வெடுக்கப் போகிற சனம். இவனோ வானொலியைத் தொடவும் விடவில்லை, செபமாலை சொல்லிக்கொண்டு வந்தான்.

போனால் அங்கே பாதி ஸ்காபரோ நிற்கிறது. வாகனம் விட இடமில்லாமல் சுற்றிச் சுற்றி, கடைசியில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் விட்டேன். அரை மணித்தியாலத்தில் வருகிறேன் என்று போனவன் வரவில்லை. வெயில். கண்ணாடியை இறக்கினால் குப்பை இலையான் மொய்க்கும், ஏற்றினால் அவியல். ஒரு பேர் கூடுதலாகச் சொல்ல இவ்வளவு நேரமா?

செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், இருந்த இருக்கையிலேயே கையை ஏந்தினேன். அன்ரனெற்றை அந்த முகாமிலிருந்து வெளியே எடுத்துவிடு, சின்னவளின் காலைச் சுகமாக்கு, அந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பனில்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொள் என்று துஆக் கேட்டேன். சீமோனுக்காகவும் கேட்டேன்.

உன்னையும் சேர்க்கவா என்று அவனை நான் கேட்கவில்லை. சொல்லப்போவதும் இல்லை.